மூச்சு வாங்காத லேப்டாப்

கேமிங் லேப்டாப் வாங்கப் போவதாக எங்கள் மரக்காணத்துப் பையன்கள் யார் வந்து சொன்னாலும் நான் முதலில் விசாரிப்பது விசிறியைத்தான். எத்தனை விசிறி, எவ்வளவு பெரியது, சூட்டை வெளியே தள்ளும் தகடுகள் எவ்வளவு அகலம், அடிமூடியைச் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் கழற்ற முடியுமா? ஆர்டிஎக்ஸ் எண்ணும் திரையின் ஹெர்ட்ஸும் அதற்கப்புறம். பெங்களூரு நண்பர்களுக்கு இந்த வரிசை தலைகீழாகத் தெரிகிறது. அவர்களுடைய காற்றில் உப்பு இல்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் எங்கள் உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கழுவெளி ஏரி, நடுவே பாத்தி பாத்தியாக வெள்ளை. தை மாசியில் தொடங்கி மழை இறங்கும்வரை உப்பு வாருகிறார்கள். அந்தப் பாத்திகளையும் கடலையும் தடவிக்கொண்டு வரும் காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிறது, பைக் சைலன்சரைத் தின்கிறது, கதவுக் கீலைத் தின்கிறது. லேப்டாப்புக்குள் அது நுழைய இருக்கும் பெரிய வாசல் விசிறி. விசிறியின் வேகம் இரட்டித்தால் உள்ளே வரும் காற்றும் ஏறக்குறைய இரட்டிக்கும், கூடவே உப்பும். ஆகவே என் கட்சி இது: அதே ஆட்டத்தை, அதே தரத்தில், குறைவான காற்றை இழுத்து ஓட்டிக் காட்டுவதே உயர்ந்த லேப்டாப். மற்ற ஊர்களில் விசிறிச் சத்தம் காதுக்கு இடைஞ்சல், அவ்வளவுதான். உப்பளக் கரையில் அது ஆயுளைக் குறைக்கிற சத்தம்.

இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தால் எனக்கு இன்றும் மேலே நிற்பது 2020-இல் வந்த லெனோவோ லீஜியன் 5. அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. எண்களில் எல்லாமே அதைத் தாண்டியவை. ஆனாலும் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். திரையின் கீல் ஓரத்தில் இல்லை, கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கிறது. கீலுக்குப் பின்னே ஒரு திண்ணை மாதிரி இடம் நீள்கிறது. அந்தத் திண்ணைக்கு அடியில்தான் தகடுகள் தாராளமாகப் படுத்திருக்கின்றன. காற்று வெளியேற பின்னால் இரண்டு வாய், பக்கத்துக்கு ஒன்று. சார்ஜர், ஹெச்டிஎம்ஐ, லேன் எல்லாம் பின்னாலேயே செருகிக்கொள்ளலாம். மவுஸ் ஓடும் இடத்தில் ஒயர் குறுக்கே வராது. திரை 180 டிகிரி வரை விரியும். ஏறக்குறைய 2.3 கிலோ எடை, இரண்டரை சென்டிமீட்டர் வாக்கில் தடிமன். அந்தத் தடிமனைத்தான் பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அதன் அழகே அதில்தான் இருக்கிறது. இடம் இருப்பதால் தகடு பெரிது; தகடு பெரிதாக இருப்பதால் விசிறி பதறாமல் சுற்றுகிறது.

அதைக் காதால் கேட்க வேண்டும். எஃப்என் விசையோடு க்யூவை அழுத்தினால் பவர் பட்டனின் நிறம் மாறும்: நீலம் அமைதிக்கு, வெள்ளை நடுநிலைக்கு, சிவப்பு முழு வேகத்துக்கு. வெள்ளையில் வைத்து ஜிடிஏ 5 ஓட்டிப் பாருங்கள். விசிறி மெல்ல ஏறி ஒரு சுருதியைப் பிடித்து அதிலேயே நிற்கும். ஏறி இறங்கி அலைபாயாது. இரவில் பக்கத்தில் குழந்தை தூங்கினாலும் ஓட்டலாம். சிவப்புக்குப் போனால் சில ஃபிரேம் கூடும். அந்தச் சில ஃபிரேமுக்காக விசிறி இழுக்கும் காற்றை நினைத்தால் எனக்கு மனம் வராது.

அடிமூடியைத் திறந்தால் வேறொரு இன்பம். சிப்பிலிருந்து தகடு வரை வளைந்து போகும் செம்புக் குழாய்கள். உள்ளே இருப்பது துளி நீர். சிப்பின் சூட்டில் அது ஆவியாகி, தகடு இருக்கும் முனைக்குப் போய்க் குளிர்ந்து, மறுபடி நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்புகிறது. எங்கள் பாத்தியில் வெயில் செய்வதும் இந்த வேலைதான். அங்கே ஆவி போய்விடுகிறது, உப்பு தங்குகிறது. இங்கே ஆவி திரும்பி வந்து அடுத்த சுற்றுக்கு நிற்கிறது.

லெனோவோவின் தொழிற்சாலை எங்களுக்குத் தெற்கே புதுச்சேரியில் 2005 முதல் இயங்குவதால் எனக்கு அந்தப் பெயர்மேல் ஊர்ப்பாசம் என்பார்கள் சிலர். பாசம் இருந்துவிட்டுப் போகட்டும். அடிமூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுவோம் என்பதுதான் என் பதில்.

ஏசுஸ் ஜெஃபைரஸ் ஜி14-ஐக் கொண்டாடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 2020-இல் 1.6 கிலோவில், 18 மில்லிமீட்டருக்குள் அவ்வளவு வேகத்தை அடக்கிக் காட்டியது பெரிய கைவேலை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒல்லியான உடம்பில் சிறிய விசிறி விறுவிறுவென்று சுற்றியே ஆக வேண்டும். உப்புக் காற்றில் அந்தச் சுறுசுறுப்புக்கு விலை உண்டு. சிப்புக்கும் செம்புக்கும் நடுவே திரவ உலோகம் பூசியதுதான் குளிர்ச்சி என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். குளிர்ச்சிதான். அதில் இருக்கும் காலியம் அலுமினியத்தில் பட்டால் அதை அரித்துவிடும்; வீட்டில் திறந்து சுத்தம் செய்ய நினைப்பவருக்கு அது தொல்லை. அந்த இடத்தில் எனக்கு ஹனிவெல்லின் பிடிஎம்7950 தாள் போதும். 45 டிகிரியில் இளகிப் பரவி, மாதங்கள் போனாலும் ஓரத்துக்குப் பிதுங்காமல் இருந்த இடத்தில் இருக்கிறது. கூலிங் பேட் வைத்தால் சூடு குறையும் என்பார்கள், உண்மை. கூடுதல் காற்றை உள்ளே அடித்துத்தானே குறைக்கிறது? பின்பக்கத்தை ஓர் அங்குலம் தூக்கி வைக்க ஒரு கட்டை போதும்.

யூடியூப் விமர்சனங்களில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. எல்லாமே ஏசி அறை, எல்லாமே முதல் வாரம். 25 டிகிரி அறையில் 77-இல் நிற்கும் கிராபிக்ஸ் சிப், அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஓட்டு வீட்டில் 87-ஐத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்த லேப்டாப்பைத் திறந்து காட்டுகிற விமர்சனத்துக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.

இந்த ஊரில் லேப்டாப் ஆட்டத்தைப் பழக்கியது அரசின் விலையில்லா லேப்டாப். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம். பிளஸ் டூ பையன்கள் கையில் அது வந்தபோது விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. ஐஜிஐயும் வைஸ் சிட்டியும் பென்டிரைவ் பென்டிரைவாக ஊரெல்லாம் நடந்தன. தனி கிராபிக்ஸ் கிடையாது. ரெசல்யூஷனைக் குறை, நிழலை அணை, பின்னால் ஓடுவதை எல்லாம் மூடு என்று செட்டிங்ஸில் விளையாடியே பையன்கள் கற்றார்கள். இருப்பதைக் கொண்டு எவ்வளவு பிழிய முடியும் என்ற அந்த ரசனை, இன்று ‘அல்ட்ரா’வுக்குக் கீழே இறங்க மறுப்பவர்களிடம் இல்லை.

கிராபிக்ஸ் சிப்பின் பெயர்களுக்கும் அன்று ஒரு நாணயம் இருந்தது. 2016-இல் லேப்டாப்புக்கு வந்த ஜிடிஎக்ஸ் 1060-இல் மேசைக் கணினியில் இருந்த அதே 1280 கோர், அதே 6 ஜிபி. 1070-இல் லேப்டாப்புக்குத்தான் கோர் அதிகம்: 2048, மேசைக்கு 1920. அப்புறம்? லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4090-இல் 9728 கோர், மேசையில் 16384. பெயர் ஒன்று. 4060-க்கு என்விடியா அனுமதிக்கும் வாட் 35-இலிருந்து 115 வரை. 2021-இல், குறைந்த வாட் சிப்பை மேக்ஸ்-க்யூ என்று தனியாக அடையாளம் காட்டுவதையும் விட்டுவிட்டார்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் நான் கேட்டேன்: “இது எத்தனை வாட் தம்பி?” “4060 அண்ணே, எல்லாம் ஒண்ணுதாண்ணே” என்றார் அந்தப் பையன். நரசிங்கபுரம் தெருவிலிருந்து வாலர்ஸ் சாலை வரை ஒரு காலத்தில் பொருளைப் பிரித்துக் காட்டிப் பேசும் வியாபாரிகள் இருந்தார்கள். இப்போது டப்பாவும் ஸ்டிக்கரும் பேசுகின்றன.

ரேம் விஷயத்திலும் இறக்கம்தான். ஜி14-இல் முதலில் பாதி ரேம் போர்டோடு ஒட்டியிருந்தது, பாதிக்கு ஸ்லாட் இருந்தது. 2024-இல் முழுவதும் ஒட்டிவிட்டார்கள். ஸ்லாட் இருக்கும் லேப்டாப்பிலும் ஒரே ரேம் போட்டு அனுப்புகிறார்கள். இன்னொன்றைச் சேர்த்து டூயல் சேனல் ஆக்கியதும் ஆட்டம் தடுக்கி விழுவது நிற்கிறதே, அதைப்போல் செலவுக்குத் தகுந்த பலன் தரும் மேம்பாடு வேறில்லை. நம்பி வாங்கிய குருஷியல் பெயரில் சாதாரண வாடிக்கையாளருக்கு விற்பதை நிறுத்தப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. நினைவகச் சிப்கள் ஏஐ சர்வர்களுக்குப் போகின்றன. ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. எஸ்எஸ்டிக்கு இரண்டாவது ஸ்லாட் இருக்கிறதா, அது முழு நீளமா குட்டை நீளமா என்று கேட்டே வாங்குங்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மட்டுமே 150 ஜிபி கேட்கிறது.

வாங்கி வந்தபின் அமைப்பதில்தான் ரசிகனின் கைவண்ணம் தெரியும். சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கட்டும். மூன்றாவது பின்னுக்கு நல்ல எர்த் இருக்கட்டும். உப்பு மண்ணில் புதைத்த இரும்பு எர்த் பைப் சீக்கிரம் அரித்துப்போகும், அதைப் பார்த்துவிட்டு 230 வாட் சார்ஜரைச் செருகுங்கள். ஃபிரேமுக்கு ஒரு கூரை போடுங்கள்: வாலரண்ட் மாதிரிப் போட்டி ஆட்டங்களை விடுங்கள், கதை ஆட்டங்களுக்கு 60 அல்லது 75 போதும். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கிராபிக்ஸின் வோல்டேஜ் வளைவைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். சிபியுவிலும் இதைச் செய்ய முன்பு எளிதாக இருந்தது; 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபின் பல இன்டெல் லேப்டாப்களில் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். பரவாயில்லை, பூஸ்டை அணைத்தாலே சூடு சட்டென்று இறங்கும். இவை எல்லாம் ஒரே காரியத்துக்காக: விசிறி மெதுவாகச் சுற்ற வேண்டும்.

ஓடும் லேப்டாப்பைவிடச் சும்மா கிடப்பதற்குத்தான் இங்கே ஆபத்து அதிகம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே கசியத் தொடங்கும். கசப்பு நீர் சரியாக வடியாத உப்பு மூட்டை ஏன் ஈரமாகவே இருக்கிறது என்பது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியும். அந்த ஈரம் போர்டின்மேல் படிந்தால் செம்பு பச்சை பூக்கிறது. ஓடும்போது உள்ளே சூடாக இருப்பதால் உப்பு உலர்ந்து கிடக்கும். அணைத்து வைத்த இரவில்தான் கரையும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின் மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்களில் ஒரு நண்பரின் லேப்டாப் அலமாரியிலேயே செத்தது. என்ன பிராண்டு என்பது முக்கியமில்லை. மழைக்காலத்தில் தினம் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள், இல்லையென்றால் சிலிக்கா ஜெல் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

சுத்தம் செய்வதில் ஒன்று சொல்ல வேண்டும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத்தான் எல்லாரும் சிபாரிசு செய்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு அது சரி. உப்பு அதில் கரையாது. உப்புக்கு நீர்தான் மருந்து. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணியால் விசிறி இறக்கையையும் தகடுகளின் முகப்பையும் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் ஈரத்தை எடுத்து, நன்றாக உலரவிட்டு மூடுங்கள். புளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

உப்பளக் கரையில் வாங்குகிறவர்களுக்கு என் தீர்ப்பு இது: தடித்ததை வாங்குங்கள், பெரிய தகடு உள்ளதை வாங்குங்கள், ரேம் ஸ்லாட் இரண்டு உள்ளதை வாங்குங்கள். வாட் எவ்வளவு என்று சொல்லாத கடையில் பணம் கொடுக்காதீர்கள். வாரண்டி விதியைப் படித்துவிட்டு, ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி பிறக்கும் முன் அடிமூடியை ஒருமுறை திறந்து பாருங்கள்.