மாம்சம் என்ற சொல்லும் மாரிகாலக் காத்திருப்பும்

கிறிஸ்து பிறப்பை யாழ்ப்பாணத்தில் நத்தார் என்கிறோம். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் அது, பொருள் பிறப்பு. இந்த மண்ணில் கிறிஸ்தவம் எதிர்கொண்ட கடினமான கேள்வியும் அந்தப் பிறப்பைப் பற்றியதுதான். சிவன் அடியாருக்காக வடிவம் கொள்வான், ஆனால் தாய் வயிற்றில் பிறவான் என்பது சைவ சித்தாந்தத்தின் உறுதி. அப்படிப்பட்ட அயலில் நின்று, கடவுள் ஒரு பெண்ணின் வயிற்றில் பத்து மாதம் இருந்தார் என்று சொல்வது இலேசல்ல.

யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், வார்த்தை என்ன ஆனது என்று சொல்லுமிடத்தில், பழைய வேதாகமம் ‘மாம்சம்’ என்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் ‘மனிதர்’ என்கிறது. வாசிக்கப் பின்னது இதம். என் மனம் முன்னதையே பிடித்துக்கொள்கிறது. விரத நாளில் மச்சம் படியேறாத ஊரில் மாம்சம் என்ற சொல் காதை உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். அந்த உறுத்தலை எந்த மரபு எவ்வளவு தாங்கியது என்று பார்த்தே, நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தை அளக்க விரும்புகிறேன்.

கத்தோலிக்க மரபு உடலை அறிந்தது. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தபின் பூசை தடைப்பட்டது. 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் வந்த யோசேவாஸ் அடிகள் சில்லாலையில் ஒளிந்திருந்து, இரவில் மக்களைச் சந்தித்தார். மறைந்து வரும் ஒருவருக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பது அந்த வீடுகளுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் உருகிப் பாடும் நாம், திருவருகையின் நாலு ஞாயிறுகளையும் நத்தாரின் முன்வாசலாக மட்டுமே கடந்து விடுகிறோம். குருவின் உடுப்பு ஊதாவாக மாறுகிறது, நோன்பு வருவதில்லை.

1816இல் வந்த அமெரிக்க மிஷனுக்குத் திருவருகை என்றொரு காலமே கிடையாது. அவர்கள் புறப்பட்டு வந்த நியூ இங்கிலாந்துச் சபைகள் நத்தாரையே கொண்டாடாதவை. மசாசூசெட்ஸில் அது பொது விடுமுறையானது 1856இல்தான். வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி, 1841இல் உதயதாரகை என்று அவர்கள் எழுத்தையே நம்பினார்கள். ஆனால் அதே மிஷனிலிருந்து 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் எங்கள் பிள்ளைகளுக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். நோயுற்ற மாம்சத்தைத் தமிழில் பேர் சொல்லித் தொட வைத்தவர் அவர். மெழுகுதிரி ஏற்றாமலே திருவருகையை வாழ்ந்த மரபு என்று இதைச் சொல்வேன்.

அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் திருச்சபை ஆண்டைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க மிஷனின் வழியிலிருந்தோ 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் பிறந்தது. அதன் முதல் பேராயர் சபாபதி குலேந்திரன், அருளைப் பற்றிக் கிறிஸ்தவமும் இந்து சமயமும் சொல்பவற்றை ஒப்பிட்டு 1964இல் நூல் வெளியிட்டார். அயலாரின் கேள்வியை மதித்து உட்கார்ந்து கேட்டவர் அவர்.

அந்த அயலிடம் நாம் கற்கலாம். நம் திருவருகை 22 முதல் 28 நாள் நீளும். ஏறக்குறைய அதே மாரியில் அவர்கள் பிள்ளையார் கதைக்கு 21 நாள் விரதம் இருக்கிறார்கள். விளக்கீட்டுக்கு வாசலில் சிட்டி விளக்கு ஏற்றுகிறார்கள். நம் திருவருகை வளையத்திலோ பிளாஸ்டிக் ஊசியிலை. மண் சிட்டி நாலு போதாதா?

‘மனிதர்’ என்ற மொழிபெயர்ப்பு வந்த அதே 1995இல், ஒக்டோபர் 30ஆம் நாள், போரினால் வலிகாமம் வெறுமையாகத் தொடங்கியது. இலட்சக்கணக்கானோர் மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிகளும் நடந்தார்கள். டிசம்பர் 3 திருவருகை முதல் ஞாயிறு. மரத்தடியிலும் பள்ளிக்கூட விறாந்தையிலும் இடம் தேடியவர்களுக்கு, பெத்லகேமில் இடம் கிடைக்காத கதையை எந்தச் சுவாமியாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த வருடம் பாலன் குடிலுக்கு வைக்கோல் சேர்க்கப் புறப்படும் பிள்ளைகளை, முதல் ஞாயிறன்றே ஊரில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் ஒருத்தியின் வீட்டுக்கு அனுப்புவோம். சைவ வீடானாலும் சரி. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போகட்டும்; அந்த வீட்டுத் தண்ணீர்ப் பானையையும் நிரப்பிவிட்டு வரட்டும்.