பொற்சுண்ணமும் பெருந்துறையும்

கலையுங் கைத்தொழிலுமே ஆன்மசாதனமாம் என்னுங் கொள்கை இந்நாளிற் பலராற் பேசப்படுகின்றது. படைப்பாற்றல் மனிதனிடத்துள்ள தெய்வத்தன்மை என்பாரும் உளர். சைவசித்தாந்தம் இதனை அங்ஙனமே ஏற்றுக்கொள்ளாது. படைத்தல் ஐந்தொழிலுள் ஒன்றாகலின் இறைவனுக்கே உரியது. உயிர் செய்வது பணி. இவ்வேறுபாட்டை உட்கொண்டு திருவாசகத்தை நோக்குதல் வேண்டும்.

திருவாசகத்து 51 பகுதிகளுள் பொற்சுண்ணம், அம்மானை, பூவல்லி, பொன்னூசல் முதலியன மகளிர்தம் தொழிலும் விளையாட்டும் பற்றி எழுந்தவை. பயில்வோர் பலர் உரலையும் உலக்கையையும் வெறும் புறவுறையெனக் கழித்து, உள்ளுறையும் தத்துவம் ஒன்றனையே தேடுவர். அது நூலுக்குப் பொருந்துமாறில்லை. பொற்சுண்ணத்துக்கு முன்னோர் வகுத்த குறிப்பு யாது? ஆனந்த மனோலயம் என்பது. மனம் ஒடுங்குமிடமாக அவர் கண்டது உலக்கைப் பாட்டையன்றோ? மாலை தூக்குதல், விளக்கு வைத்தல், மெழுகுதல், இடித்தல் என அப்பதிகத்து நிகழ்வன யாவும் வீட்டில் நிகழும் மங்கலச் செயல்களே. 20 பாட்டின் ஈற்றிலும் நிற்பது ‘நாம்’ என்னும் பன்மை. யான் செய்கின்றேன் என்னும் முனைப்புக்கு அங்கு இடமில்லை. சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரங் கூறும் இறைபணி நிற்றலுக்கு இதனினும் எளிய இலக்கியம் காண்டல் அரிது.

பொற்சுண்ணம் தில்லையிலும் அம்மானை அண்ணாமலையிலும் அருளியன என்பது மரபு. ஆயினும் அம்மானையிற் போற்றப்பெறுவான் பெருந்துறையான். அடிகள் அருள்பெற்ற திருப்பெருந்துறை, புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலேயாம். ஈண்டுக் கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை. ஆவுடையார் மட்டுமே உளது. நந்தியும் கொடிமரமும் இல. உருவம் ஒழிந்த அவ்விடத்தும் மடைப்பள்ளி ஒழிந்திலது. புழுங்கலரிசிச் சோற்றை வடித்தவாறே கற்பலகைமேற் பரப்பி, கீரையும் பாகற்காயுஞ் சேர்த்து, எழும் ஆவியையே திருவமுதாக்குகின்றனர். சமைத்தோன் கைத்திறம் ஆவியாய் அகன்றுவிடுகின்றது. அவன் தனதென்று காட்டுதற்கு எஞ்சுவது யாதுமில்லை. தமிழில் இங்ஙனம் அமுதிடுதற்கும் படைத்தல் என்றே பெயர். ஐந்தொழிலுட் படைத்தல் அவனது, இப்படைத்தல் அடியாரது.

அக்கோயிற் கொடுங்கையிற் கருங்கல்லை மரச்சட்டமும் ஆணியும் போலச் செதுக்கிய சிற்பியரின் தொழிலும் இவ்வகையில் வைத்து ஆராயத்தக்கது. கல்லின் மென்மையை வியந்து மேல்நோக்கிச் செல்வோர், அதன்கீழ் நிகழும் அமுதுபடையலோடு அதனைச் சேர்த்துக் காண்பதில்லை.