கூத்துக் களரியும் சங்கீத வகுப்பும்

கலை பயிற்றுவதற்கென ஒரு பள்ளியைத் தொடங்குவது எளிது; அங்கே வந்து சேர்ந்த பிள்ளைகளை ஊக்கங் குன்றாது நிலைத்திருக்கச் செய்வதே அரிது. மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த பெருநிலக் கரையிலும் சங்கீதம் கற்பிப்போர் இவ்வுண்மையை நன்கறிவர். முதலாந் தவணையில் நிறைந்திருக்கும் வகுப்பு மூன்றாந் தவணையில் மெலிந்துவிடுகிறது. எஞ்சி நிற்போரிலும் பலர் பரீட்சை முடிந்த மறுநாளே பாடுவதை விட்டுவிடுகின்றனர். பிள்ளைகளின் சோம்பல், பெற்றோரின் அறியாமை, சினிமாப் பாட்டின் மோகம், கைத்தொலைபேசி எனக் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. பழி முழுவதையும் கற்போர் தலையிற் சுமத்தும் இவ்விளக்கம் கற்பிப்போராகிய நமக்கு வசதியானது. ஆனால் அது உண்மையானதா?

உண்மையெனின், இதே கரையில் வாழ்ந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடல்களை மனனஞ் செய்து, இரவு முழுவதும் பாடி ஆடியது எவ்வாறு? மன்னார்க் கத்தோலிக்க மக்களின் நாட்டுக்கூத்தை ஒரு பழங்கலையாக மட்டுமே நாம் பேசிவருகிறோம். அது ஒரு பள்ளியாகவும் இயங்கியதை மறந்துவிட்டோம். ஓரிரவில் முடியும் வாசகப்பா, ஈரிரவு தொடரும் நாடகம், மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என வகையும் வரம்பும் கொண்ட ஓர் இசைப் பயிற்சி, கட்டடமோ சான்றிதழோ இன்றி நடந்துவந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த ‘என்றிக் எம்பரதோர் நாடகம்’ (1964), ‘மூவிராசாக்கள் நாடகம்’ (1966), ‘ஞானசவுந்தரி நாடகம்’ (1967) ஆகிய நூல்களைப் புரட்டுவோர், விருத்தம், கொச்சகம், இன்னிசை, தரு எனப் பாட்டு வகைகள் மாறி மாறி வருவதைக் காண்பர். இவற்றைப் பாடியோர் கடற்றொழிலாளரும் கமக்காரருமே. ஏட்டை வாசிக்க அறியாதோரும் அவருள் இருந்தனர்.

அண்ணாவியார் கற்பித்த முறை என்ன? முதலில் நாள் குறிக்கப்பட்டது. பெரும்பாலும் அது கோயில் திருநாளை ஒட்டி அமைந்தது. பின்னர்ப் பாத்திரங்கள் பகிரப்பட்டன. உரத்த குரலோனுக்கு அரசன் வேடம். மென்குரலோனுக்கு அரசி வேடம். குரல் ஓங்காதவனுக்கும் பிற்பாட்டில் ஓரிடம். ஒரே பாத்திரத்தை இருவர் மூவர் பகிர்ந்தாடும் வழக்கமும் இருந்தமையால், ஊரில் விரும்பிய பலரும் களரி ஏறினர். தொழில் முடிந்த மாலையில் அண்ணாவியார் ஓரடியைப் பாட, கற்போன் அதைத் திருப்பிப் பாட, சூழ இருந்தோர் அதனை வாங்கிப் பாட, மத்தளம் தாளத்தைக் காத்து நின்றது. தவறியவனைக் கூட்டத்தின் குரல் தாங்கிற்று. தான் கற்கும் பாட்டு எந்த நாளில், எந்தக் களரியில், யார் முன்னிலையில் ஒலிக்கப்போகிறது என்பது தொடக்க நாளிலேயே அவனுக்குத் தெரியும். அவனது ஊக்கத்தின் ஊற்றுக்கண் அதுவே.

இதற்கெதிரே நமது சங்கீத வகுப்பை வைத்துப் பார்ப்போம். புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றப்படும் ஒழுங்கின்படி மாயாமாளவகௌளையிற் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், பின்னர்க் கீதம் எனப் பாடம் நடக்கிறது. குரலைச் சுருதியில் நிறுத்துவதற்கு இஃது உறுதியான வழியென்பதில் ஐயமில்லை. 1931ஆம் ஆண்டிலே தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள், பெரிய வித்துவான்கள் இல்லாத சிற்றூர்களுக்கும் ஓர் ஒழுங்கான பாடத்திட்டத்தைக் கொண்டுசென்றன. 1960இல் மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் இசைக்கல்லூரி 1975இல் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. க.பொ.த. சாதாரணதரத்திற் கர்நாடக சங்கீதம் ஒரு பாடமாகியதனால் வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கும் கதவு திறந்தது. இவை மக்கள் பெற்ற பேறுகள். இவற்றைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று.

ஆயினும், ஏணியாக அமைந்த பாடத்திட்டம் வீடாகிவிட்டது என்பதே நமது குற்றச்சாட்டு. மாதக்கணக்காக வரிசை பாடும் பிள்ளையிடம், “ஒரு பாட்டுப் பாடு” எனத் தாய் கேட்டால் பாடுவதற்கு ஒன்றுமில்லை. கீதத்தை எட்டும்போது அதன் மொழி வடமொழியாகவோ கன்னடமாகவோ இருக்கிறது; வர்ணத்தை எட்டும்போது அது தெலுங்காகிறது. ‘கருணாமிர்த சாகரம்’ (1917) தந்த தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் மாணவருக்கெனத் தமிழிற் கீதங்களை இயற்றினார். 1943இல் சென்னையிலே தமிழிசைச் சங்கம் தோன்றியது. இத்தனைக்குப் பின்னரும் தொடக்க வகுப்பிற் பொருள் விளங்காத சொற்களே முதலிடம் பெறுவது ஏன்? ஈற்றில் வரும் பரீட்சையோ, ஒரு பிள்ளையை ஓர் அறையில் நிறுத்திச் சில நிமிடம் கேட்கிறது. பின்னர் அந்தக் குரலைக் கேட்க யாருமில்லை. கேட்போர் இல்லாத பாட்டை எந்தப் பிள்ளை விரும்பிப் பயிலும்?

“பரீட்சையையும் எடுத்துவிட்டால் பிள்ளைகள் கொப்பியைத் தொடவும் மாட்டார்கள்” என்பர் சிலர். பரீட்சை இருக்கட்டும், அது மட்டுமே இருத்தலாகாது என்கிறோம். இதற்கு உலக அனுபவமும் துணைநிற்கிறது. ஹங்கேரி நாட்டின் கொடாயும் பார்டோக்கும் கிராமங்களுக்குச் சென்று பாடல்களைத் திரட்டி 1906இல் ஒரு தொகுதி வெளியிட்டனர். பிள்ளையின் இசைத் தாய்மொழி நாட்டுப்பாடலே என்ற அடிப்படையிற் கொடாய் தமது இசைக்கல்வியை வகுத்தார். 1950இல் கெச்கெமேத் நகரில், நாடோறும் பாடும் ஆரம்பப் பாடசாலை தொடங்கியது. அங்கு சுரமும் இசைக்குறியீடும் கைவிடப்படவில்லை. பிள்ளை அறிந்த பாட்டினின்றே அவை பிறந்தன.

நமது நாட்டிலும் சான்றுண்டு. 1956இல் சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தைப் பேராதனை மாணவரைக் கொண்டு அரங்கேற்றினார். அதற்கு இசை வழங்கிய சிங்கள நாடகம மரபு, தமிழ்க் கத்தோலிக்கக் கூத்துடன் உறவுடையது. அதே பேராதனையில் வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்தைத் தழுவிக் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ ஆகியவற்றை மாணவரைக் கொண்டு ஆடச்செய்தார். பட்டம் பெறவந்த இளைஞர் கூத்தின் மெட்டுகளைப் பயின்று பாடினர். அவர்கள் முன்னே ஒரு மேடையும் சபையும் இருந்தன.

பழமையை வழிபடுமாறு நாம் கூறவில்லை. கூத்துக் களரியிற் பெண் வேடத்தையும் ஆணே புனைந்தான். பெண்கள் பார்வையாளராகவே நிறுத்தப்பட்டனர். சாதியும் ஊர்ப்பெருமையும் களரியின் எல்லையை வரைந்தன. அண்ணாவியாரின் அதட்டலுக்கு அஞ்சி ஒதுங்கியோரும் இருந்திருப்பர். அச்சேறிய நூல்களிற் சொல் இருக்கிறது; மெட்டு அண்ணாவியாரின் தொண்டையில் இருக்கிறது. அவர் மறைந்தால் அது மறையும். இங்கேதான் சங்கீத வகுப்பின் பலம் தேவைப்படுகிறது. சுரம் எழுதக் கற்ற மாணவர், முதிய அண்ணாவிமாரிடம் சென்று தருக்களைக் கேட்டுச் சுரப்படுத்தினால், வகுப்பின் அறிவு ஊருக்குப் பயன்படும்; ஊரின் செல்வம் வகுப்பைச் சேரும். தான் கற்ற சுரத்தினால் ஒரு பாட்டு அழியாது காக்கப்பட்டது எனக் கண்ட மாணவனுக்கு வேறு தூண்டுதல் வேண்டா.

ஆகவே இக்கரையில் இசைப்பள்ளி நடத்துவோர் செய்யத்தக்கவை சில உள. ஒவ்வொரு தவணைக்கும் முதலிலேயே ஓர் அரங்க நாளைக் குறித்தல் வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும், சிறப்பாகப் பெண்பிள்ளைக்கு, அதிற் பங்கு வேண்டும். முதல் வாரத்திலேயே பொருள் விளங்கும் ஒரு தமிழ்ப் பாட்டு வாயில் ஏற வேண்டும். வரிசைகள் அதனோடு துணையாய் நடக்கட்டும். வாடையும் சோளகமும் மாறும்போது தொழிலிடம் மாறும் குடும்பத்துப் பிள்ளை திரும்பிவந்தால், பெயரை வெட்டாது பிற்பாட்டிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூட்டுப் பாடலில் மட்டுமே இது இயலும்.

எந்தப் பாட்டு என்ற கேள்விக்கு மன்னார் மண்ணே விடை தருகிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இங்குள்ளது. பேசாலையிலும் வங்காலையிலும் கிறித்தவ மரபுப் பாடல்கள் உள்ளன. வலை இழுப்போரின் அம்பாப் பாடல் உண்டு. முஸ்லிம் மக்களின் பாடல்களும் உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி வெறுமையாயிற்று; மீண்டு வந்தோரின் பிள்ளைகளும் இன்று நம் வகுப்புகளுக்கு உரியோர். மூவகைப் பிள்ளைகளும் ஒருவர் பாட்டுக்கு மற்றவர் பிற்பாட்டுப் பாடும் நாளை ஒரு பரீட்சைத் தாள் உண்டாக்காது. ஓர் ஆசிரியர் உண்டாக்கலாம்.

வகுப்பில் வெற்றிடம் காணும்போது, ஓடிப்போன பிள்ளையை விசாரிப்பதற்கு முன், அவன் பாடுவதற்கு நாம் என்ன கொடுத்தோம், யாரைக் கேட்கச் செய்தோம் என விசாரிப்பதே ஆசிரியர் கடன். இக்கேள்விக்கு விடைகாணும் பள்ளி, மணல் மேற் போட்ட கொட்டிலாயினும் நிலைக்கும்.