படிநிலை யாருக்காக?

குழந்தை தானாக வாசிக்கப் புத்தகம் கொடுக்கும்போது அதன் வாசிப்புத் திறனுக்குப் பொருந்துவதாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதை இன்று ஏறக்குறைய எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளில் சிறு நூல்களைக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பள்ளிகளில் ஐரீன் ஃபவுண்டாஸ், கே சூ பின்னெல் இருவரும் வகுத்த ஏ முதல் இசட் வரையிலான நிலைகள் பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன. இந்த முறையால் விளையும் நன்மை மெய்யானது. ஆனால் படிநிலை என்பது புத்தகத்தைப் பற்றி ஆசிரியருக்குச் சொல்லும் ஒரு தோராயமான குறிப்பு. அதைக் குழந்தையைப் பற்றிய தீர்ப்பாக மாற்றிவிட்டால், வாசிக்க வைக்க வந்த கருவியே வாசிப்புக்குத் தடையாகிவிடும்.

முதலில் நன்மையைப் பார்ப்போம். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பருவத்தில் குழந்தையின் கவனம் முழுவதும் எழுத்துகளை ஒலியாக்குவதிலேயே போய்விடும். அந்த நேரத்தில் நீளமான வாக்கியமும் பழக்கமில்லாத சொற்களும் நிறைந்த பக்கத்தை நீட்டினால், வரியின் கடைசிக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். பொருள் கிடைக்காத வாசிப்பில் எந்தக் குழந்தையும் நீடிக்காது. இதில் ஏழைக் குழந்தைகளின் நிலை இன்னும் கடினம். வீட்டில் அருகே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதபோது, புத்தகமே தன்னை எளிதாக்கிக்கொண்டு வந்தாக வேண்டும். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, 2022இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பித்ததற்கும் இதுவே காரணம். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதற்காக எழுத்தே தெரியாத குழந்தையிடம் மூன்றாம் வகுப்புப் பாடத்தைத் திணிப்பது கொடுமை. இந்தப் பருவத்துக்குப் படிநிலை தேவை. அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அளவுகோலின் அடித்தளம் நாம் நினைப்பதைவிட மெலிந்தது. அமெரிக்கக் கல்வியாளர் எம்மெட் பெட்ஸ் 1946இல் வெளியிட்ட நூலில் ஒரு வரையறை தந்தார். நூறு சொற்களில் தொண்ணூற்றொன்பதைப் பிழையின்றி வாசித்து, பொருளிலும் பத்தில் ஒன்பது பங்கைப் புரிந்துகொண்டால் அந்த நூல் குழந்தை தானே வாசிக்கத் தக்கது; நூற்றுக்கு ஐந்து பிழை வரை வந்தால் ஆசிரியர் துணையோடு வாசிக்கத் தக்கது; பத்துப் பிழையைத் தாண்டினால் குழந்தை சோர்ந்துவிடும். பள்ளிகளில் பலகாலமாகப் புழங்கும் இந்த எண்களுக்குப் பின்னால் இருந்தது நான்காம் வகுப்பு மாணவர்கள் 41 பேரைப் பற்றிய ஒரு முனைவர் பட்ட ஆய்வு. அந்த வரம்புக்குள் வாசித்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் கற்றார்களா என்று அது சோதித்துப் பார்க்கவில்லை. கணினி வழி அளவீடுகளிலும் குறை உண்டு. வாக்கிய நீளத்தையும் சொற்களின் புழக்கத்தையும் கணக்கிடும் லெக்சைல் முறையில், ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவல் 'டைரி ஆஃப் எ விம்பி கிட்' என்ற சிறுவர் நகைச்சுவை நூலைவிட எளிதானது! ஒரு நூலின் கனம் அதன் வாக்கிய நீளத்தில் மட்டும் இல்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இந்த அளவுகோலைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சரியாக ஒலிக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் அந்தச் சொல் முன்பே தெரிந்திருக்கும். எழுத்தும் ஒலியும் அங்கே அவ்வளவு தாறுமாறானவை. தமிழில் எழுத்துகளைக் கற்றுத் தேர்ந்த குழந்தை தனக்குத் துளியும் விளங்காத பத்தியைக்கூடத் தடையில்லாமல் வாசித்துவிடும். 'இயலாமையால்' என்று கணீரென ஒலிப்பவனுக்கு அதன் பொருள் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மாறாக, 'போய்விட்டான்' என்று அச்சிட்டிருப்பதைப் 'போயிட்டான்' என்று வாசிக்கும் குழந்தையின் கணக்கில் ஒரு பிழை ஏறுகிறது. உண்மையில் அவள் எழுத்துமொழியைத் தன் வீட்டு மொழிக்கு மாற்றியிருக்கிறாள். புரியாமல் அது முடியாது. சொல்லை எண்ணுவதும் இங்கே நம்பத்தக்கதல்ல. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது தமிழில் ஒரே சொல். ஐந்து விரலை மடக்கிப் பிழை எண்ணும் ஆங்கில வகுப்பறை உத்தியை அப்படியே இங்கே வைத்தால், சந்தியும் விகுதியும் ஏற்றும் சுமை அதில் பதிவாகாது. தமிழ்க் குழந்தைக்குப் பொருத்தமான நூலைத் தேர, வாசித்த பின் கதையைத் தன் பேச்சில் சொல்லச் சொல்லிக் கேட்பதே சரியான சோதனை. வாய்விட்டு வாசிப்பதில் வரும் பிழைகளை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தை ஏற்கெனவே அறிந்தவற்றையும் படிநிலை கணக்கில் எடுப்பதில்லை. 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாக இருந்தும் ஆட்டத்தை நன்கு அறிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டத்தை அறியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். கடலோரக் கிராமத்துச் சிறுமிக்கு வலை, நீரோட்டம், மீன் இனங்கள் பற்றிய நூல் 'பற' நிலையில் இருந்தாலும் எட்டும். நகரத்துப் பேரங்காடியைப் பற்றிய 'நட' நிலை நூல் அந்நியமாகவே நிற்கலாம்.

இதற்கு மறுப்பு உண்டு. எல்லையே வைக்காமல் விட்டால் குழந்தைகள் கனமான நூலைத் தூக்கிச் சுமந்து, படம் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள், வாசிப்பு வளராது என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. தன் நிலைக்கு மேலான நூலால் பயன் கிடைக்கிறது என்று காட்டிய ஆய்வுகளில் பெரும்பாலும் துணை இருந்தது. 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாசிப்பில் பின்தங்கிய இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுள் தம் நிலைக்கு இரண்டு ஆண்டு மேலான நூலை வாசித்தவர்களே மிகுதியாக முன்னேறினார்கள். ஆனால் பக்கத்தில் நன்றாக வாசிக்கும் தோழன் ஒருவன் உட்கார்ந்து கூடவே வாசித்தான். அதனால் தனியே வாசிக்கும் குழந்தைக்கு அளவு வேண்டாம் என்று இந்த ஆய்வை வைத்து வாதிட முடியாது. எளிய நூலோடு கடினமான நூலும், அதை வாசிக்கத் துணையும் குழந்தைக்குக் கிடைக்க வேண்டும் என்றே கேட்க முடியும். படம் பார்த்து மூடிவிட்ட நூலும் வீணில்லை. ஆர்வம் உள்ள பொருள் இன்னது என்று அது ஆசிரியருக்குச் சொல்லிவிடுகிறது.

கேடு செய்வது முத்திரைதான். "நீ மொட்டு, இந்த அலமாரிக்கு வராதே" என்று கேட்ட குழந்தை, தோழிகள் கையில் இருக்கும் நூல் தனக்கு ஆகாது என்று கற்றுக்கொள்கிறது. அப்புறம் அவள் நூலைப் பார்ப்பதில்லை, நிலையைக் காட்ட அதன் முதுகில் ஒட்டிய நிறத்தைப் பார்க்கிறாள். நிலைகளை வகுத்த ஃபவுண்டாஸும் பின்னெலுமே இது ஆசிரியரின் கருவி, குழந்தைக்கு ஒட்டும் அடையாளம் அல்ல என்று எச்சரித்திருக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கமும் நூலக அலமாரிகளை வாசிப்பு நிலைப்படி அடுக்குவதை எதிர்த்திருக்கிறது. நம் பள்ளிகளில் இந்த முறை இப்போதுதான் வேரூன்றுகிறது. திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது. நிலைக்குறியீட்டை அட்டையின் முன்பக்கத்திலிருந்து எடுத்து ஆசிரியரின் பதிவேட்டில் வையுங்கள். எழுத்துக்கூட்டும் பருவம் தாண்டிய குழந்தைகளுக்கு நூலக நேரத்தில் எல்லா அலமாரிகளையும் திறந்துவிடுங்கள்.