பன்னிரண்டு சனிக்கிழமைகள்

அமெரிக்கக் கல்லூரி கால்பந்தில் ஓர் அணி வழக்கமாக ஒரு பருவத்தில் ஆடுவது பன்னிரண்டு ஆட்டங்கள்; பருவ முடிவில் வரும் சாம்பியன்ஷிப் போன்ற கூடுதல் ஆட்டங்கள் தனி. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் இந்த விளையாட்டின் உயர்மட்டப் பிரிவில் 130-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் இருக்கின்றன. அவற்றில் பத்தில் ஒரு பங்கைக்கூட எந்த அணியும் ஒரு பருவத்தில் சந்திப்பதில்லை. ஐரோப்பியக் கால்பந்து லீக்குகளில் எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் இருமுறை மோதுகின்றன. முடிவில் புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் போதும். இங்கே அதற்கு வழியில்லை. பதினொரு வெற்றி பெற்ற இரண்டு அணிகளில் எது மேல் என்று கேட்டால், யாரை வென்று அந்தப் பதினொன்று வந்தது என்ற கேள்வி உடனே எழும். அதற்கு வைத்திருக்கும் பெயர்தான் அட்டவணை வலிமை.

பருவம் முடிந்த பிறகு தீர்ப்புச் சொல்ல வேண்டிய விஷயம் அது. ரசிகர்களோ பருவம் தொடங்கும் முன்பே, சில சமயம் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, அதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஜனவரியில் ஒரு பருவம் ஓய்கிறது; ஆகஸ்ட் கடைசியில் அடுத்தது பிறக்கிறது. இடையிலுள்ள ஏழு மாதங்களும் அவர்கள் கையில் இருப்பவை பன்னிரண்டு பெயர்களும் பன்னிரண்டு தேதிகளும்தான். அந்தத் தாளை வாசிப்பதில் கைதேர்ந்தவர்கள் உண்டு. அவர்கள் வாசிக்கும்போது ஒரு பந்துகூட வீசப்படாத பருவம் கண்முன் நடந்து முடிகிறது.

பன்னிரண்டில் எட்டோ ஒன்பதோ ஆட்டங்கள் அணி சார்ந்த கான்ஃபரன்ஸுக்குள் நடப்பவை. கான்ஃபரன்ஸ் என்பது பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட குழுமம். தென் மாநிலங்களில் வேர்கொண்ட எஸ்இசி, நடுமேற்கில் பிறந்து இன்று இரு கடற்கரைகளையும் தொடும் பிக் டென் ஆகிய இரண்டும் இப்போது பெரியவை. யார் யாரோடு எந்த வாரம் என்பதைக் கான்ஃபரன்ஸ் அலுவலகம் வகுத்துவிடும். மிச்சமிருக்கும் மூன்று நான்கு ஆட்டங்களை மட்டுமே பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர் தன் விருப்பப்படி அமைக்க முடியும். ஆகவே ஓர் அணியின் துணிவையும் அச்சத்தையும் அந்த மூன்று நான்கு வரிகளில்தான் தேட வேண்டும்.

சமபலமுள்ள இரண்டு பல்கலைக்கழகங்கள் ஓராண்டு உன் ஊரில், மறு ஆண்டு என் ஊரில் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வது ஒரு வகை. சிறிய கல்லூரி ஒன்றுக்குப் பெருந்தொகை கொடுத்துத் தன் மைதானத்துக்கு வரவழைத்து ஆடுவது இன்னொரு வகை. வருபவருக்கு ஆண்டுச் செலவில் ஒரு பகுதி தேறும். அழைத்தவருக்கு எளிய வெற்றியும் நிரம்பிய இருக்கைகளும் கிடைக்கும். ரசிகர்கள் இத்தகைய எதிரிக்கு ‘கப்கேக்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2007 செப்டம்பர் 1 அன்று, தரவரிசையில் ஐந்தாம் இடத்திலிருந்த மிச்சிகன் 4 லட்சம் டாலர் கொடுத்து அழைத்த அப்பலாச்சியன் ஸ்டேட், ஒரு படி கீழான பிரிவைச் சேர்ந்த அணி. மிச்சிகனின் கடைசி உதையைத் தடுத்து 34–32 என்று வென்று ஊர் திரும்பியது. தாளில் எளிதாகத் தெரியும் ஒரு வரியைக் காட்டி யாராவது அலட்சியமாகப் பேசினால், இன்றும் எதிரே இருப்பவர் சொல்லும் முதல் பெயர் அதுதான்.

இருவழி ஒப்பந்தங்களின் சுவையே அவற்றின் காலநீளத்தில் இருக்கிறது. மிச்சிகனும் டெக்சஸும் மோதும் தொடர் 2014-இல் அறிவிக்கப்பட்டது. முதல் ஆட்டம் 2024-இல். அறிவித்த நாளில் இரு அணிகளையும் நடத்திய பயிற்சியாளர்கள் யாரும் ஆட்ட நாளில் அங்கே இல்லை. ஆடவிருந்தவர்களில் பலர் அப்போது தொடக்கப்பள்ளி மாணவர்கள். டெக்சஸ் 2014-இல் தடுமாறிக்கொண்டிருந்த அணி. பத்தாண்டு கழித்து ஆன் ஆர்பர் நகருக்கு வந்தபோது, முந்தைய பருவத்தின் தேசிய சாம்பியனான மிச்சிகனை 31–12 என்று அடக்கிவிட்டுப் போனது. இப்படிப்பட்ட தொடரை முன்கூட்டி மதிப்பிட முனைபவர் எடைபோடுவது இன்றைய அணியை விட அந்தப் பல்கலைக்கழகத்தின் நிலையான வளங்களைத்தான்: சுற்றுவட்டாரத்தில் எத்தனை நல்ல பள்ளி வீரர்கள் உருவாகிறார்கள், பழைய மாணவர்கள் எவ்வளவு கொடுப்பார்கள், தோற்ற பயிற்சியாளரை மாற்ற நிர்வாகம் எவ்வளவு காலம் பொறுக்கும்.

அடுத்த பருவத்துக்கான வாசிப்பு வேறு விதம். பெயரைப் பார்த்துப் பயப்படுவது கற்றுக்குட்டியின் பழக்கம். தேர்ந்த ரசிகர் முதலில் கேட்பது யார் திரும்பி வருகிறார்கள் என்று. தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக், பட்டம் பெற்றுப் போய்விட்டாரா? அவரைக் காக்கும் ஐவரில் எத்தனை பேர் மிச்சம்? 2021 முதல் வீரர்களுக்குப் பல்கலைக்கழகம் மாறிய உடனேயே ஆட அனுமதி கிடைத்ததால் இந்தக் கணக்கு இன்னும் கடினமாகிவிட்டது. ஒரே குளிர்காலத்தில் ஓர் அணி முற்றிலும் வேறு ஆட்களோடு எழுந்து நிற்கும். 2023-இல் 13 வெற்றி, ஒரு தோல்வி என்று முடித்த ஃபுளோரிடா ஸ்டேட், மறு ஆண்டு 2 வெற்றி, 10 தோல்வியில் வீழ்ந்தது. அந்தப் பெயரைத் தங்கள் 2024 அட்டவணையின் மலைகளில் ஒன்றாக எண்ணியிருந்த நோட்ர டாம் ரசிகர்கள், நவம்பரில் தங்கள் அணி 52–3 என்று வென்றதைப் பார்த்தார்கள். அதற்குள் அந்த வெற்றி பெருமை தரும் தகுதியை இழந்திருந்தது.

ஆட்களுக்கு அடுத்தது வரிசை. அட்டவணை வாசிப்பின் நுட்பம் முழுவதும் இங்கேதான் குடியிருக்கிறது. அதே பன்னிரண்டு எதிரிகளை வேறு வரிசையில் அடுக்கினால் வேறு பருவம் கிடைக்கும். ஓய்வு வாரம் எங்கே விழுகிறது, பெரிய ஆட்டத்துக்கு முன்பா பின்பா? எதிரிக்கும் அதே வாரம் ஓய்வு உண்டா? வெளியூர் ஆட்டங்கள் அடுத்தடுத்து வருகின்றனவா? இரண்டு பெரிய ஆட்டங்களுக்கு இடையிலோ, ஒரு பெரிய வெற்றியின் மறுவாரத்திலோ வரும் சாதாரண எதிரியைப் ‘பொறி’ என்றே சொல்கிறார்கள். உடல் களைத்திருக்கும், மனம் வேறெங்கோ இருக்கும். 2024 ஆகஸ்ட் 31 அன்று நோட்ர டாம், டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை அதன் சொந்த மண்ணில் 23–13 என்று வென்றது. அடுத்த சனிக்கிழமை சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாய்ஸிடம் 16–14 என்று தோற்றது. பெயர்களின் பட்டியலாக மட்டும் அட்டவணையைப் பார்த்தவர்களுக்கு அது அதிர்ச்சி. வரிசையைப் பார்த்தவர்கள் அந்த வாரத்தின் பக்கத்தில் முன்னரே ஒரு குறி போட்டிருப்பார்கள்.

ராணுவக் கல்லூரிகளின் அணிகள் தனி அத்தியாயம். ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ் மூன்றும் பல்லாண்டுகளாக நம்பியிருப்பது ‘ஆப்ஷன்’ என்ற தரையோட்ட உத்தி. பந்து யார் கையில் போகும் என்பதை எதிரியின் அசைவைப் பார்த்துக் கடைசி நொடியில் தீர்மானிப்பார்கள். மற்ற அணிகள் கைவிட்ட உத்தி என்பதால் அதற்குத் தனியாகப் பயிற்சி எடுத்தாக வேண்டும். அந்த ஒரு வாரம் வழக்கமான தயாரிப்பெல்லாம் நின்றுபோகும். தடுப்பாளர்களின் முழங்காலைக் குறிவைக்கும் மோதல்களும் அதிகம். எனவே நேவியோடு ஆடும் ஆட்டத்தை மட்டுமின்றி, அதற்கு அடுத்த ஆட்டத்தையும் கடினம் என்று கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. 2020 நீங்கலாக 1927 முதல் ஆண்டுதோறும் நேவியைச் சந்தித்துவரும் நோட்ர டாமின் ரசிகர்களுக்கு இது பரம்பரை அறிவு.

இடமும் எதிரிதான். வயோமிங் பல்கலைக்கழகத்தின் மைதானம் கடல்மட்டத்திலிருந்து 7,220 அடி உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து வருபவர்களுக்கு மூச்சு முட்டும். லூயிசியானாவின் பேட்டன் ரூஜில் பகலாட்டம் வேறு, இரவாட்டம் வேறு என்று எஸ்இசி முழுக்கச் சொல்வார்கள். 2024-இல் யுஎஸ்சி, யுசிஎல்ஏ, ஓரிகன், வாஷிங்டன் நான்கும் பிக் டென்னில் சேர்ந்த பிறகு, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போய் ஆடுவது கான்ஃபரன்ஸுக்குள் நடக்கும் சாதாரணப் பயணமாகிவிட்டது. கடிகாரத்தில் மூன்று மணி நேர வித்தியாசம். உள்ளூர் நேரம் நண்பகலில் தொடங்கும் ஆட்டம் வந்தவர்களின் உடலுக்குக் காலை ஒன்பது மணி.

இவ்வளவையும் ஓர் எண்ணுக்குள் அடக்கும் முயற்சிகளும் நடந்தன. 1998-இல் தொடங்கி 2013 பருவம் வரை சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கான இருவரைத் தேர்ந்தெடுத்த பிசிஎஸ் முறை, முதல் சில ஆண்டுகளில் அட்டவணை வலிமையைத் தனி உறுப்பாகவே கணக்கில் சேர்த்தது: எதிரிகளின் வெற்றி விகிதத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, எதிரிகளின் எதிரிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு. எளிமையான சூத்திரம். ஆனால் யாருக்குக் கடினம் என்ற கேள்வியை அது தொடவே இல்லை.

அந்தக் கேள்விதான் இந்த விவாதத்தின் ஆழமான பகுதி. ஒரு கற்பனைக் கணக்கு போதும். முதல் அட்டவணையில் இரண்டு பலசாலிகளும் பத்து நோஞ்சான்களும். இரண்டாவதில் பன்னிரண்டும் நடுத்தர அணிகள். ஒரு சாதாரண அணிக்குப் பலசாலியை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 5, நோஞ்சானை வெல்ல 80, நடுத்தரத்தை வெல்ல 50 என்று வைத்துக்கொண்டால், முதல் அட்டவணை எட்டு வெற்றி தரும், இரண்டாவது ஆறுதான். அதே தாள்களைச் சாம்பியன் தரமுள்ள அணியிடம் கொடுக்கலாம். அதற்கு வாய்ப்புகள் முறையே 50, 97, 90. தோல்வியே இல்லாமல் முடிக்கும் வாய்ப்பு முதல் அட்டவணையில் நூற்றுக்கு 18, இரண்டாவதில் 28. சாதாரண அணிக்கு எளிதாக இருந்த அட்டவணை, சிறந்த அணிக்குக் கடினமாகிவிட்டது. இரு அணி ரசிகர்கள் ஒரே தாளைப் பார்த்து எதிரெதிராக வாதிடும்போது இருவரும் சரியாக இருக்க முடிவது இதனால்தான்.

வரலாற்றில் தீராத வழக்குகள் சில உண்டு. 1984-இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் 13 ஆட்டங்களையும் வென்று தேசிய சாம்பியன் ஆனது. முதல் ஆட்டத்திலேயே, தரவரிசையில் மூன்றாவதாக இருந்த பிட்ஸ்பர்க்கை 20–14 என்று வீழ்த்தியிருந்தது. ஆனால் பிட்ஸ்பர்க் அந்தப் பருவத்தை 3 வெற்றி, 7 தோல்வி, ஒரு சமநிலை என்று முடித்தது. ஆடிய நாளில் மலையாக நின்ற எதிரி, பருவ முடிவில் மேடாகத் தெரிந்தது. எந்த நாளின் மதிப்பை எடுத்துக்கொள்வது? நாற்பதாண்டு கழிந்தும் இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

2004-இல் ஆபர்ன், பௌலிங் கிரீன் அணியோடு ஆட ஏற்பாடு செய்திருந்தது. பௌலிங் கிரீன் அதிலிருந்து விலகி ஓக்லஹோமாவோடு ஆடப் போயிற்று. காலியான சனிக்கிழமைக்குக் கீழ்ப்பிரிவு அணியான சிட்டடெல் வந்து சேர்ந்தது. தோல்வியே காணாத ஆபர்னைத் தாண்டி ஓக்லஹோமா சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்குப் போய், யுஎஸ்சியிடம் 55–19 என்று நொறுங்கியது. ஒரு சனிக்கிழமை கைமாறியதால்தான் எல்லாம் நடந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆபர்ன் ரசிகர்கள் அதை மறக்கவும் முடியாது.

பத்தாண்டு கழித்து, சாம்பியன்ஷிப் சுற்றுக்கு நான்கு அணிகளைத் தேர்வுக்குழு தேர்ந்தெடுக்கும் முறை வந்த முதல் பருவத்தில், பேய்லர் 11 வெற்றிகளோடு வெளியே நின்றது. கான்ஃபரன்ஸுக்கு வெளியே அது தேர்ந்திருந்த மூவரில் ஒருவர் கீழ்ப்பிரிவினர்; இன்னொருவரான எஸ்எம்யு அந்த ஆண்டு 11 ஆட்டங்களில் தோற்ற அணி. உள்ளே அழைக்கப்பட்ட ஓஹையோ ஸ்டேட் கோப்பையையே வென்றது.

எளிய அட்டவணையை எப்போதும் கோழைத்தனம் என்பதும் சரியல்ல. 1989-இல் பில் ஸ்னைடர் கான்சஸ் ஸ்டேட்டுக்குப் பொறுப்பேற்றபோது, அது தொடர்ந்து 27 ஆட்டங்களில் வெற்றியே காணாத அணி. அவர் கான்ஃபரன்ஸுக்கு வெளியே எளிய எதிரிகளையே விரும்பித் தேர்ந்தார். தோற்றே பழகிய இளைஞர்களுக்கு வெல்வது எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டியிருந்தது. 1998-இல் அதே அணி முதல் 11 ஆட்டங்களையும் வென்றது. நாற்றங்காலில் வளர்த்துப் பிறகு வயலில் நட்ட அந்த வேலை, இந்த விளையாட்டின் மிக அழகான அட்டவணைக் கைத்திறன்களில் ஒன்று.

2024 முதல் அந்தச் சுற்றில் பன்னிரண்டு அணிகளுக்கு இடம் என்றானதும் விவாதத்தின் முகம் மாறியது. அந்த ஆண்டு 11 வெற்றி, ஒரு தோல்வி பெற்ற இண்டியானா உள்ளே வந்தது; கடினமான எஸ்இசியில் ஜார்ஜியாவை வென்றும் மூன்று ஆட்டங்களில் தோற்ற அலபாமா வெளியே நின்றது. வலியப் போய்ப் பெரிய எதிரியைத் தேடுவதால் என்ன பயன் என்ற கேள்வி அலபாமா தரப்பிலிருந்து எழுந்தது. கேள்வியில் தர்க்கம் இருக்கிறது. ஆனாலும் அதற்கு இணங்கிவிட்டால் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் பாழாகும். ரசிகர் அதை ஏற்கக் கூடாது. தேர்வுக்குழு 2025-இல் தன் அளவுகோலைத் திருத்தி, வலிய எதிரிகளோடு ஆடிய ஆட்டங்களுக்குக் கூடுதல் எடை தர முன்வந்தது. எஸ்இசி 2026 முதல் எட்டுக்குப் பதில் ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் என்று அறிவித்தது.

இதனால் பழைய ஒப்பந்தங்களை எல்லாரும் மறுபடி எடுத்துப் படிக்கிறார்கள். ஒன்பது ஆட்டங்கள் உள்ளேயே கடினம் என்றால், வெளியே இன்னொரு பெரிய பெயர் தாங்குமா? அறிவிக்கப்பட்டபடி ஓஹையோ ஸ்டேட் 2026-இல் ஆஸ்டினுக்கு வர வேண்டும். 2025-இல் ஓஹையோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் 14–7 என்று தோற்ற டெக்சஸ் அங்கே காத்திருக்கிறது. 2027-இல் மிச்சிகன் அதே ஊருக்கு வர வேண்டும். அலபாமா அதே ஆண்டு கொலம்பஸுக்குப் போய், மறு ஆண்டு ஓஹையோ ஸ்டேட்டைத் தன் ஊரில் வரவேற்க வேண்டும். 2028-இல் அலபாமாவின் மைதானத்தில் முதல் பந்தை வாங்கப்போகும் குவார்ட்டர்பேக் இன்று ஏதோ ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு முந்தைய வாரம் ஓய்வு கிடைக்குமா என்று இரண்டு மாநிலங்களில் விவாதம் தொடங்கிவிட்டது.