கன்டோனா இல்லாத காட்சி: ‘லுக்கிங் ஃபார் எரிக்’ படமும் ரசிகனின் கணக்கும்

கென் லோச் இயக்கிய ‘லுக்கிங் ஃபார் எரிக்’ (2009) படத்தைப் பற்றி யார் பேசினாலும் எரிக் கன்டோனாவைப் பற்றித்தான் பேசுவார்கள். அதில் தப்பில்லை. மான்செஸ்டரில் தபால்காரராக இருக்கும் எரிக் பிஷப் வாழ்க்கையில் எல்லாப் பக்கமும் அடிவாங்கியவர். முதல் மனைவி லில்லியை விட்டு ஓடிப்போன குற்றவுணர்ச்சி, சொல்பேச்சு கேட்காத இரண்டு வளர்ப்பு மகன்கள், குப்பையாகக் கிடக்கும் வீடு. ஒருநாள் மகன் ஒளித்து வைத்திருந்த கஞ்சாவைப் புகைத்துவிட்டு சுவரில் இருக்கும் கன்டோனாவிடம் புலம்புகிறார். கன்டோனா நிஜமாகவே அறைக்குள் வந்து நிற்கிறார். அறிவுரை சொல்கிறார், ஓடவைக்கிறார், தாடியை மழிக்கச் சொல்கிறார். இதெல்லாம் இனிமையான பகுதிகள். ஆனால் நான் இந்தப் படத்தில் முக்கியமாகக் கருதுவது கன்டோனா இல்லாத ஒரு காட்சியை.

நண்பர்கள் பந்து பார்க்க பப்பில் கூடியிருக்கிறார்கள். அரங்கத்துக்குப் போகலாம் என்றால் டிக்கெட் விலை அவர்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. அவர்களில் ஒருவர் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற சின்ன கிளப்பின் ஜெர்சியில் வருகிறார். உடனே வம்பு ஆரம்பம். மனிதன் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அணியை மாற்றலாமா என்பது மற்றவர்களின் கட்சி. அவரோ கிளப்பை முதலாளிகளுக்கு விற்றுவிட்டார்கள் என்று கொதிக்கிறார். சத்தம், கிண்டல், கெட்ட வார்த்தை. சில நிமிடங்களில் படம் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது.

லோச் திறந்துவிட்டு அவசரமாக மூடிய கதவு இது. அந்த ஜெர்சிக்குப் பின்னால் இருக்கும் கதை தெரியாவிட்டால் காட்சி வெறும் நகைச்சுவையாகத்தான் தெரியும்.

2005இல் அமெரிக்காவைச் சேர்ந்த கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியது. கிளப்பின் மதிப்பு கிட்டத்தட்ட 79 கோடி பவுண்ட். அதில் 50 கோடிக்கும் மேல் கடன். ‘கடன் வாங்கி வீடு வாங்குறது எல்லாரும் செய்றதுதானே?’ என்று கேட்கலாம். நாம் வீடு வாங்கினால் மாதத் தவணையை நம் சம்பளத்திலிருந்து கட்டுகிறோம். இங்கே வாங்கியவர்கள் சம்பளத்திலிருந்து கட்டவில்லை. பெரும்பகுதிக் கடனுக்குக் கிளப்பின் சொத்துகளே அடமானம், வட்டியும் கிளப்பின் வருமானத்திலிருந்துதான் போனது. அதாவது நாம் பல வருடமாகக் குடியிருக்கும் வீட்டை ஒருவர் வந்து வாங்குகிறார். அந்த வீட்டையே அடகு வைத்துப் பணம் புரட்டுகிறார். பிறகு வட்டியை நம்மிடமே வாடகையாக வாங்குகிறார். அதுவரை அந்த வீட்டுக்குக் கடன் என்பதே கிடையாது.

இதைப் பொறுக்க முடியாத ரசிகர்கள் சிலர் அதே ஆண்டு வெளியேறி எஃப்.சி. யுனைடெட்டைத் தொடங்கினார்கள். எவ்வளவு பணம் போட்டாலும் ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. பப்பில் கேலி செய்யப்படும் மனிதர் அணிந்திருப்பது இந்த ஜெர்சியை.

வெளியேறாதவர்கள் வேறொரு வேலை செய்தார்கள். படிக்க ஆரம்பித்தார்கள். 2010 ஜனவரியில் பழைய கடனை அடைக்கக் கிளப் சுமார் 50 கோடி பவுண்டுக்குக் கடன்பத்திரம் வெளியிட்டது. அப்படி வெளியிடும்போது முதலீட்டாளர்களுக்காக நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஓர் அறிக்கை தர வேண்டும். ரசிகனுக்காக எழுதப்படாத அந்தப் பிரதியை ரசிகர்கள் வரிவரியாக வாசித்தார்கள். மொத்தக் கடன் 71 கோடியே 65 லட்சம் பவுண்ட். கடனின் ஒரு பகுதிக்கு வட்டி 14.25 விழுக்காடு. முதலாளி குடும்பத்தினருக்குக் கிளப்பிலிருந்து 1 கோடி பவுண்ட் கடனாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பயிற்சித் திடலை விற்றுவிட்டு அதையே வாடகைக்கு எடுக்கவும் வழி வைக்கப்பட்டிருக்கிறது. இதெல்லாம் அந்தப் பக்கங்களில் இருந்தன.

இலக்கிய வாசகர்களான நமக்கு இந்த வேலை அந்நியமானதல்ல. சொல்லப்பட்டதை வைத்துச் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிப்பது, அடிக்குறிப்பில் ஒளிந்திருப்பதை மேலே இழுத்து வருவது, இந்தக் கதையை யார் யாருக்குச் சொல்கிறார் என்று கேட்பது. அந்த ரசிகர்கள் செய்தது விமர்சனம். அதன் பிறகுதான் பச்சை–மஞ்சள் கழுத்துத்துண்டுகள் அரங்கத்தை நிறைத்தன. கிளப் 1878இல் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் ரயில்வே தொழிலாளர்களால் தொடங்கப்பட்டபோது இருந்த நிறம் அது. 2010 மார்ச்சில் ஏ.சி. மிலானுக்காக ஓல்ட் டிராஃபர்டில் ஆடிய டேவிட் பெக்கம்கூட ஆட்டம் முடிந்ததும் அந்தத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

இனி படத்துக்குத் திரும்பலாம். படத்தின் அறம் என்ன என்பதை ஓர் உரையாடல் தெளிவாகச் சொல்கிறது. உங்களுடைய மிக இனிய தருணம் எது என்று தபால்காரர் கேட்கிறார். அற்புதமான கோல்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறார். கன்டோனா எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு இனித்தது ஒரு பாஸ், டோட்டன்ஹாமுக்கு எதிராக டெனிஸ் இர்வினுக்குக் கொடுத்தது. அவன் அதைத் தவறவிட்டிருந்தால் என்று கேட்கும்போது, கூட விளையாடுபவனை நம்பத்தான் வேண்டும் என்ற பொருளில் பதில் வருகிறது. கிளப் என்பது தனிமனித மேதைமை அல்ல, பலர் ஒருவரை ஒருவர் நம்புவது. கென் லோச்சின் எல்லாப் படங்களிலும் இருக்கும் நம்பிக்கை இது. பால் லாவெர்டியின் திரைக்கதையில் அது பிரசங்கமாக இல்லாமல் ஒரு பந்தின் பாதையாக வருவது அழகு.

அந்த அழகை ஏற்றுக்கொண்ட பிறகுதான் என் குறை ஆரம்பிக்கிறது. இந்த நம்பிக்கைக்கு எதிரியாகப் படம் யாரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது? ஒரு ரவுடியை. வளர்ப்பு மகனிடம் துப்பாக்கியை ஒளித்துவைக்கக் கொடுத்து மிரட்டுபவன். அவனை எதிர்க்க நண்பர்கள் பேருந்துகளில் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். எல்லார் முகத்திலும் கன்டோனா முகமூடி. ரவுடியின் வீட்டுக்குள் புகுந்து சாமான்களை உடைத்து, சாயம் அடித்து, அதைப் படமெடுத்து யூடியூபில் போட்டுவிடுவோம் என்று மிரட்டிவிட்டு வருகிறார்கள். தியேட்டரில் கைதட்டு நிச்சயம். நானும் ரசித்தேன்.

ஆனால் ரவுடியைப் பயமுறுத்தலாம், 14.25 விழுக்காடு வட்டியை முகமூடி போட்டுப் பயமுறுத்த முடியாது. அந்த ரசிகர்களை அரங்கத்திலிருந்து பப்புக்குத் துரத்தியவன் துப்பாக்கி வைத்திருக்கவில்லை. முறைப்படி கையெழுத்திட்ட ஒப்பந்தம் வைத்திருந்தான். அவன் வீடு எங்கே இருக்கிறது என்று பேருந்து எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. படம் எடுக்கப்பட்ட காலத்தில் கிளப்பின் கடன் ஏறிக்கொண்டிருந்தது. படம் வெளியான அதே கோடையில் ரொனால்டோ 8 கோடி பவுண்டுக்கு ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். லோச் போன்ற ஒருவர், இடதுசாரி அரசியலை வாழ்நாள் முழுக்கப் பேசியவர், பக்கத்திலேயே இருந்த எதிரியை விட்டுவிட்டுச் சினிமாவுக்கு வசதியான எதிரியைத் தேர்ந்தெடுத்தார். எஃப்.சி. யுனைடெட் ஜெர்சியை நமக்குக் காட்டிவிட்டு, அதை அணிந்தவனின் கேள்வியை நகைச்சுவையாக முடித்துக்கொண்டார்.

ஒரு வேடிக்கை. நிஜக் கன்டோனா படத்தைவிடத் துணிந்து பேசினார். 2010இல் ஒரு பேட்டியில், தெருவில் இறங்கிக் கத்துவதால் பயனில்லை, எல்லாரும் வங்கியிலிருந்து பணத்தை எடுத்துவிடுங்கள் என்ற கருத்தைச் சொன்னார். டிசம்பர் 7 என்று நாளும் குறிக்கப்பட்டது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் எதிரி எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

படத்தின் இன்னொரு குறை நம்மைப் பற்றியது. லோச்சின் ரசிகர்கள் எல்லாரும் மான்செஸ்டர்காரர்கள். கிளப்பின் கணக்குப் புத்தகம் அப்படி நினைக்கவில்லை. 2011இல் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிட அனுமதி வாங்கிய கிளப், மனம் மாறி 2012 ஆகஸ்டில் நியூயார்க் போனது. ஒரு பங்கு 14 டாலர். பொதுமக்கள் வாங்கும் பங்குக்கு ஒரு ஓட்டு, குடும்பம் வைத்திருக்கும் பங்குக்குப் பத்து ஓட்டு. திரட்டிய பணத்தில் ஏறக்குறையப் பாதி கடனுக்கு, மீதி குடும்பத்துக்கு. அந்த அறிக்கையில் உலகம் முழுக்க 65.9 கோடிப் பேர் கிளப்பைப் பின்தொடர்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதில் ஆசிய பசிபிக் பகுதியில் மட்டும் 32.5 கோடி. மாமாக் கடையில் தே தாரேக்கை ஆறவிட்டு விடியற்காலை நாலு மணிக்குப் பந்து பார்த்தவர்கள், பசார் மாலாமில் இருபது வெள்ளிக்கு ஜெர்சி வாங்கியவர்கள், எல்லாரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறோம். முதலீட்டாளரிடம் காட்டப்பட்ட முக்கியமான சொத்து நாம். அடமானம் வைக்கப்பட்டது அரங்கம் மட்டுமல்ல.

அதனால்தான் கிளப்பின் வெளி வியாபாரங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அதிகாரபூர்வ ஒயின், அதிகாரபூர்வ டிராக்டர், அதிகாரபூர்வ மெத்தை தலையணை, அதிகாரபூர்வ உடனடி நூடல்ஸ். நம்ம ஊர் மிஸ்டர் பொட்டேட்டோகூட அதிகாரபூர்வ நொறுக்குத்தீனியாக இருந்தது. இதில் எதையும் கிளப் தயாரிக்கவில்லை. ரசிகர்களின் விசுவாசத்தைப் பொருள் வாரியாக, நாடு வாரியாகப் பிரித்து விற்றது. 2025 மே மாதம் ஐரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் தோற்ற ஒரே வாரத்தில் களைத்துப்போன அணி புக்கிட் ஜாலிலுக்கு வந்து ஆசியான் ஆல் ஸ்டார்ஸிடம் 1–0 என்று தோற்றதே, அந்தப் பயணமும் இந்தக் கணக்கின் ஒரு வரிதான். இங்கிலாந்தில் அதே பருவத்தில், சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் சலுகை இல்லாமல் 66 பவுண்ட் டிக்கெட் விற்கப்பட்டது. அங்கே எதிர்ப்பு எழுந்தது. இங்கே நாம் அணியின் ஆட்டத்தைக் கண்டு ஏளனக் கூச்சல் போட்டதோடு சரி.

‘ஏன் இதெல்லாம் நமக்கு? அவன் காசு, அவன் கிளப்’ என்பார்கள். கிளேசர்களின் முதல் எட்டு ஆண்டுகளில் அணி ஐந்து முறை லீக் பட்டம் வென்றது. ‘ஜெயிச்சிக்கிட்டுத்தானே இருக்கான்?’ என்ற பேச்சில் அப்போது நியாயம் இருப்பதுபோலத் தோன்றியது. கணக்குக் கேட்பவன் கொண்டாட்டத்தைக் கெடுப்பவன் ஆனான். இந்தத் தொனி மலேசியத் தமிழர்களுக்குப் பழக்கமானது. 1980களில் நகையை அடகு வைத்துக்கூட மைக்கா பங்கு வாங்கியவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 10 கோடி வெள்ளிக்கும் மேல் போட்டார்கள். அவர்கள் போட்டது பணத்தை மட்டுமல்ல, சமூகம் என்ற சொல்மேல் இருந்த அன்பையும். பிற்காலத்தில் கணக்குக் கேட்டபோது என்ன பதில் கிடைத்தது என்பதை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். அன்பை முதலாகப் போட்டவனிடம் ‘நீ அன்பு மட்டும் வை, கணக்கு கேட்காதே’ என்று சொல்வது எங்கும் ஒரே மாதிரிதான் நடக்கிறது.

அப்படியென்றால் பப்பில் இருந்த அந்த மனிதரின் வழிதான் தீர்வா? முழுவதும் இல்லை. எஃப்.சி. யுனைடெட் பத்து ஆண்டு வாடகைத் திடல்களில் ஆடி, ரசிகர்களிடமே பங்கு திரட்டி, 2015இல் பிராட்ஹர்ஸ்ட் பார்க் என்ற சொந்தத் திடலைத் திறந்தது. அடுத்த ஆண்டே உறுப்பினர்கள் தங்கள் சொந்த நிர்வாகத்தை நோக்கிக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். வெளிப்படைத்தன்மை எங்கே, முடிவுகளை எங்களிடம் ஏன் மறைக்கிறீர்கள் என்று. நிர்வாகத்தில் இருந்தவர்கள் விலகினார்கள், புதிய தேர்தல் நடந்தது. ‘பாத்தியா, அவனுங்களும் அதே கதிதான்’ என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை. அங்கே கேள்வி கேட்டவர்களால் நிர்வாகத்தை மாற்ற முடிந்தது. ஓல்ட் டிராஃபர்டில் பல்லாயிரம் பேர் கத்தியும் பத்து ஓட்டுப் பங்கை அசைக்க முடியவில்லை. ரசிகனே முதலாளியானாலும் கணக்குக் கேட்கும் வேலை முடிவதில்லை, கேட்டால் பதில் கிடைக்கும் என்ற நிலை மட்டும் வருகிறது.

‘லுக்கிங் ஃபார் எரிக்’ நல்ல படம். தோற்றுப்போன ஒரு மனிதன் நண்பர்களால் எழுந்து நிற்பதை இவ்வளவு சிரிப்போடு சொன்ன படங்கள் குறைவு. பார்க்காதவர்கள் பாருங்கள். பார்க்கும்போது அந்த பப் காட்சியில் ஜெர்சி மாற்றி வந்தவரைக் கொஞ்சம் கவனியுங்கள். லோச் அவரை வைத்து இன்னொரு படம் எடுத்திருக்கலாம். அதில் பேருந்தும் முகமூடியும் இருக்காது. கூட்டம் நடக்கும் ஒரு பழைய மண்டபம் இருக்கும், பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கும், வருடாந்தரக் கணக்கறிக்கையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பதினேழாம் பக்கத்தில் இருப்பதைப் பற்றிக் கேட்க ஒருவர் எழுந்து நிற்பார். பின்வரிசையில் யாரோ ‘உட்காருப்பா’ என்பார். அவர் உட்கார மாட்டார்.