இரண்டாம் வரிசை வேஷக்காரர்கள்

தமிழ் சினிமா ஆய்வு பெரும்பாலும் அரசியலையும் நட்சத்திரத்தையும் சுற்றியே வந்திருக்கிறது. 1981-ல் தியடோர் பாஸ்கரனின் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ தேசிய இயக்கத்தைப் பேசியது, 1992-ல் எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ‘தி இமேஜ் ட்ராப்’ எம்.ஜி.ஆரை எடுத்துக்கொண்டது. அப்பா, மாமனார், ஜமீன்தார் வேஷம் கட்டியவர்களைப் பற்றி விரிவாக எழுதியவர்கள் குறைவு.

அவர்களைத் திருச்சி காட்டூரிலிருந்து தேடத் தொடங்கலாம். பொன்மலை ரயில்வே பட்டறை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தமிழ் சினிமாவுக்கும் ரயில்வேக்கும் திருச்சியில் பழைய உறவு. 1905-ல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவி வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்த சாமிக்கண்ணு வின்சென்ட் இங்கே ரயில்வே ஊழியர். எஃப்.ஜி. நடேசய்யரோ ரயில்வே அதிகாரி. திருச்சி ரசிக ரஞ்சன சபாவை நிறுவியவர். சிறுவன் தியாகராஜனை ‘அரிச்சந்திரா’வில் லோகிதாசனாக மேடையேற்றியவர்.

அந்தச் சிறுவன் பின்னாளில் தியாகராஜ பாகவதரானார். நடேசய்யருக்கு 1938-ல் கே. சுப்பிரமணியத்தின் ‘சேவாசதனம்’ வந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் படம். அதில் இளம்பெண்ணை மணந்து, சந்தேகத்தால் துரத்திவிடும் கிழவர் வேஷம் இவருக்கு. மனம் மாறியபின் பூணூலை அறுத்தெறிவார். 1938-ல், அதுவும் பிராமண வேஷத்தில்! கதாநாயகனாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு பாட்டு போட்டுச் சமாளித்திருப்பார்கள். படத்தின் பிரதி இன்று கிடைக்கவில்லை. எம்.எஸ். பாட்டு இசைத்தட்டில் தங்கியது. பேசி நடித்த கிழவர் பிரதியோடு போனார். நாடக மேடையின் கணக்கும் இதுதான். ராஜபார்ட்டுக்குச் சாரீரம் வேண்டும். மற்றவர்களுக்குப் பேச்சு போதும். அந்தப் பேச்சைத்தான் நாம் இழந்திருக்கிறோம்.

இதற்கு விதிவிலக்கு, நெடுநாள் நின்று ஆடியவர்கள். டி.எஸ். பாலையா 1936-ல் ‘சதிலீலாவதி’ வில்லன். 1965-ல் ‘திருவிளையாடல்’ ஹேமநாத பாகவதர். பாடாத மனிதருக்குப் பாகவதர் வேஷம் கொடுத்தது நல்ல குறும்பு.

எம்.ஆர். ராதாவின் பாதை வேறு. 1937-ல் ‘ராஜசேகரன்’, பிறகு சில படங்கள், அப்புறம் மேடைக்கே திரும்பிவிட்டார். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ நாடகம்தான் 1954-ல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமாகி அவரைத் திரும்ப அழைத்து வந்தது. அப்போது வயது 47. அதன்பின் 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் சிறை செல்லும்வரை கைநிறையப் படங்கள். 1979 செப்டம்பர் 17-ல் திருச்சியில் காலமானார்.

துப்பாக்கிச் சூட்டைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறோம். ஒரே வாக்கியத்தைக் கட்டைக்குரலில் தொடங்கி, நடுவில் கீச்சுக்குரலுக்குத் தாவி, மறுபடி கீழே இறங்கி முடிப்பாரே, அந்த வித்தையை யார் எழுதினார்கள்? கொட்டகையின் கடைசி பெஞ்சு வரை பேச்சைக் கொண்டுசேர்த்த தொழில்நுட்பம் அது என்பது என் எண்ணம். ‘ரத்தக்கண்ணீர்’ படம் நம் கையில் இருக்கிறது. உட்கார்ந்து கேட்டுக் குறிப்பெடுக்க ஆள்தான் வேண்டும்.